வெள்ளவத்தையில் பூத்த நீல அந்தூரியம்

வெளிச்சத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். படம் எடுக்கப் பழகுகிற பிள்ளைகளே, வெளிச்சத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் படம் எடுத்தவள் இல்லை. எடுத்த படத்துக்குக் கலர் போட்டவள். உங்களுக்கு இப்போது பிலிமிலேயே கலர் வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் போவதற்கு முந்திய அந்த வருடங்களில் கலர் என்பது என் மேசையில் கிடந்த சின்னச் சின்ன டியூப்களும், குச்சியில் சுற்றிய பஞ்சும்தான். கறுப்பு வெள்ளையில் படம் கழுவி வரும். சேலை பச்சை, தோட்டுக்கல் சிவப்பு என்று முதலாளி சொல்லச் சொல்ல நான் தடவிக்கொண்டு போவேன். கன்னத்துக்குக் கொஞ்சம் ரோசா. முகத்தை எவ்வளவு வெளுக்கவேண்டும் என்பதைப் பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை, கூட வந்த தாய் தகப்பனின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

எங்கள் ஸ்டூடியோ கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்தது. முதலாளி கொம்பனித்தெரு முஸ்லிம் மனிதர். திரைச்சீலையில் ஒரு மாளிகைப் படிக்கட்டு வரைந்திருந்தது, அது எங்கேயும் போகாது. பக்கத்தில் அட்டையில் செய்த தூண். அந்த அறையிலேயே உயிருள்ள சாமான் ஒன்றே ஒன்றுதான், ஒரு அந்தூரியம் பூச்சாடி.

அதற்கு முன் முதலாளி ரோசாச்சாடி வைத்துப் பார்த்திருந்தார். விளக்குச் சூட்டில் மத்தியானத்துக்குள் இதழ் எல்லாம் கொட்டிவிடும். காலையில் வந்தவளுக்கு ரோசாப்பூ, பின்னேரம் வந்தவளுக்கு வெறும் காம்பு. அழுது சண்டை பிடித்துவிட்டுப் போன பெண்களும் உண்டு. பிறகுதான் யாரோ சொல்லி இந்த அந்தூரியத்தைக் கொண்டு வந்தார். பெரிய பெரிய பச்சை இலை, நீண்ட காம்பு, காம்பின் நுனியில் இதயம் போலச் சிவப்பாய் ஒரு மடல், மடலின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் வால். வெயில் வேண்டாம் என்கிற செடி, எங்கள் இருட்டு அறை அதற்குச் சொர்க்கம். ஒரு பூ விரிந்தால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மினுக்கத்தைப் பார்த்துவிட்டு "இது தகரத்திலை செய்ததோ?" என்று கேட்டு நகத்தால் கிள்ளிப் பார்க்காத வாடிக்கையாளர் இல்லை. அதனால் எங்கள் அந்தூரியத்துக்கு எப்போதும் அங்கங்கே நகக்காயம் இருக்கும். அதை மறைத்துக் கலர் போடுவதும் என் வேலைதான்.

ஒருநாள் சவரிமுத்து மாஸ்டர் தன் மகள் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் அவர். மனைவி இல்லை, ஒரே மகள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டத் தரகர் படம் கேட்டிருந்தார். பிலோமினா நல்ல உயரம், அதுதான் சிக்கல். முன்பு பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அவள் எழுந்து நின்ற கையோடு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள், திரும்பி வரவேயில்லை.

"இருத்தி எடுங்கோ," என்றார் மாஸ்டர். "என்ன செய்தாலும் இருத்தி எடுங்கோ."

முதலாளி அவளை உயரம் குறைந்த கட்டைக் கதிரை ஒன்றில் இருத்தி, அந்தூரியத்தைப் பக்கத்தில் உயரமான ஸ்டாண்டில் ஏற்றினார். செடிக்குக் கீழே இருந்ததில் பெண் பாதியாகச் சுருங்கித் தெரிந்தாள். சேலைக் கொசுவத்தை நான் சரிசெய்தபோது அவள் என் காதோடு சொன்னாள்.

"அக்கா, அந்தப் பெடியனைத் திருநாளிலை கண்டனான். பாட்டுக் குழுவிலை பிழையாப் பாடிப்போட்டுத் தானே சிரிச்சவர். எனக்கு இந்த இடம் சரிவரவேணும்."

படம் கழுவி வந்தது. அவளுடைய சேலை கடல் நீலம், அதை அழகாகப் போட்டுவிட்டேன். பூவுக்குச் சிவப்பைத் தடவியதும் படம் கெட்டுப்போயிற்று. பார்க்கிறவர் கண் நேரே பூவுக்குத்தான் ஓடியது, பெண் அந்தச் சாடிக்குத் துணைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"புள்ள, பூவ அமத்துங்க," என்றார் முதலாளி. "பூவுக்கா மாப்புள பாக்கிறாங்க?"

சிவப்பைத் துடைத்தேன். தட்டில் சேலை நீலம் மீதி இருந்தது. அதையே மெதுவாகப் படத்தில் விரிந்திருந்த மூன்று பூ மடலுக்கும் தடவினேன். சேலையும் பூவும் ஒரே குடும்பமாகி, முகம் மட்டும் தனியாக எழும்பி வந்தது. சொன்னால் பெருமையாக இருக்கும், அதுவரை நான் கலர் போட்டதில் அதுதான் சிறந்த படம். முதலாளி யன்னலடியில் பிடித்துப் பார்த்து, "இதுதான் புள்ள வேல," என்றார். மாஸ்டர் கண்கலங்கினார். தினமும் அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அந்தூரியம் நீலத்தில் பூக்காது என்று நினைவு வரவில்லை.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. இரண்டு கிழமை கழித்து, மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன், வாசலில் பெண்கள் ஒரே கூட்டம். நடுவில் மதலேனம்மா. எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. விதவை, மகன் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வீட்டு விறாந்தை முழுக்கப் பூச்சாடி, அதிலும் முக்கால்வாசி அந்தூரியம். மற்றத் தாய்மார் பிள்ளைகளின் சோதனை மார்க்ஸைப் பற்றிக் கதைப்பதுபோல அவர் அந்தூரியத்தின் புது இலையைப் பற்றிக் கதைப்பார்.

"வெள்ளை என்னட்டை இருக்கு. சிவப்பு இருக்கு, ரோசா இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீலம் கொழும்பிலை ஒருத்தரிட்டையும் இல்லை. எனக்கு வரப்போற மருமகளிட்டை இருக்கு. சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டிட்டன். அந்தச் செடியிலை ஒரு குட்டி வெட்டித் தந்தாக் காணும்."

நீல அந்தூரியமாம் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். மதலேனம்மா கைப்பையைத் திறந்து அத்தாட்சியாக ஒரு படத்தைக் காட்டினார். படத்தின் மூலையில் எங்கள் ஸ்டூடியோ முத்திரை. பூவில் நான் தடவிய நீலம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுக்கிறீர்கள். படத்தை வாங்குகிறவரோ மூலையில் கிடக்கிற செருப்பைப் பார்ப்பார், சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்ப்பார். நமக்கு அது பின்னணி, அவருக்கு அதுதான் படம். இந்தப் புத்தி எனக்கு அன்றைக்குக் கோவில் வாசலில் வந்தது.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். "படம்தானே புள்ள," என்று அவர் சாவகாசமாக இருந்தார். அன்று பின்னேரமே சவரிமுத்து மாஸ்டர் வியர்க்க விறுவிறுக்க வந்து கதிரையில் விழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிறு வருகிறார்களாம். பெண்ணையும் பார்க்க, செடியையும் பார்க்க.

"உங்கட சாடியை ஒரு நாளைக்குத் தந்துதவவேணும்," என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நீலமாத் தரவேணும்," என்றார்.

வகுப்பில் பத்துக் கட்டளையைப் பிரம்போடு பாடமாக்குவிக்கிற மனிதர் அவர். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான் வாய் திறந்தேன்.

"சொன்னால் ஏமாத்துக்காரர் எண்டு எழும்பிப் போயிடுவினம், பிள்ளை. முதல் ரெண்டு தரமும் அவள் ஒண்டும் கதைக்கேல்லை. உடுத்த சேலையை மடிச்சு வைச்சுப்போட்டுச் சமைக்கப் போயிட்டாள். மூண்டாந்தரமும் அதைப் பார்க்க என்னாலை ஏலாது."

முதலாளி எழுந்து சட்டைக் கையைச் சுருட்டினார். "கலர் போட்டது நாங்க. முடிக்கிறதும் நாங்கதான்."

செடிக்குக் கலர் போடுவது படத்துக்குப் போடுவது போல இல்லை. முதலில் தண்ணீர்க் கலரைத் தடவினேன். அந்த மினுக்க மடலில் அது ஒட்டவில்லை, உருண்டு உருண்டு கீழே விழுந்தது. வேரால் குடிக்கட்டும் என்று முதலாளி ஒரு போத்தல் நீல மையைச் சாடியில் ஊற்றினார். பூ சிவப்பாகவே நின்றது, கீழே வைத்த தட்டுத்தான் நீலமாயிற்று. அவசரத்தில் ஒரு இலையை முறித்து, பால் பட்ட கையால் கழுத்தைத் துடைத்துவிட்டார். அந்தூரியப் பால் பட்டால் கடிக்கும். மனிதர் அன்று முழுக்கச் சொறிந்துகொண்டே எனக்கு யோசனை சொன்னார். கடைசியில் படத்துக்குப் போடுகிற எண்ணெய்க் கலர்தான் பிடித்தது. ஞாயிறுக்கு முந்தின நாள் மூன்று மடலுக்கும் பூசி முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. ஆனால் அறை முழுக்க டர்பன்டைன் நாற்றம். முதலாளி யோசித்தார். பொக்கற்றிலிருந்து அத்தர்க் குப்பியை எடுத்துச் செடிக்குத் தாராளமாகத் தெளித்தார்.

மறுநாள் காலை சாடியைப் படுக்கைவிரிப்பால் மூடி ரிக்‌ஷோவில் ஏற்றி, நான் பக்கத்தில் ஓடாத குறையாக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். தூரத்துச் சொந்தம் என்று சொல்லி என்னை மூலையில் இருத்தினார்கள். பிலோமினா அதே நீலச் சேலையில் இருந்தாள். எழும்பக் கூடாது என்பது தகப்பனின் கட்டளை.

மதலேனம்மா வந்தார். பின்னால் மகன் அல்போன்ஸ், கையில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு வெறும் சாடி, கொஞ்சம் கரித்துண்டு, தேங்காய்ப் பொச்சு, ஒரு கத்தி. பெண் பார்க்கக் கத்தியோடு வந்த சம்பந்தி வீட்டை நான் அன்றுதான் கண்டேன்.

அவர் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேரே செடியிடம் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மாஸ்டர் பதறி முன்னே வந்தார். வாத்தியார் அல்லவா, விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இது அந்தூரியம் எண்டு..."

"எனக்குத் தெரியும், மாஸ்டர். கிரேக்கத்திலை வால்பூ எண்டு அர்த்தமாம், எங்கட சாமியார் சொன்னவர். சனம் பூ எண்டு சொல்லிறது பூவே இல்லை, அது ஒரு மாதிரி இலை. நடுவிலை நிக்கிற வாலிலை பொடிப்பொடியா இருக்குதே, அதுதான் பூ. நிழல் வேணும், வேரிலை தண்ணி நிக்கக்கூடாது, அவசரப்படுத்தினால் கோவிக்கும்." மூச்சை இழுத்தார். "மணம் மட்டும் கிடையாது." மறுபடியும் இழுத்தார். "இது அத்தர் மணக்குது."

"கடல்காத்துக்கு அப்பிடி வரும்," என்றார் மாஸ்டர்.

மதலேனம்மா அவரைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். ஆசை இருக்கிறதே, அது கண்ணை மட்டுமல்ல, மூக்கையும் மூடிவிடும். அவர் கையை நீட்ட, அல்போன்ஸ் கத்தியைக் கொடுத்தான். அடியில் முளைத்திருந்த குட்டியைப் பிடித்துக் கத்தியை வைத்தார்.

"அன்ரி, வெட்டாதேங்கோ."

பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். முழு உயரத்துக்கும் நின்றாள்.

"அது எங்கட செடி இல்லை. ஸ்டூடியோச் செடி. பூ சிவப்பு. நேற்றுத்தான் இந்த அக்கா நீலம் அடிச்சவ. நீங்கள் குட்டியைக் கொண்டுபோய் வைச்சாலும் சிவப்பாத்தான் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் நான் ஒளிச்சு நிண்டு பெயின்ற் அடிச்சுச் சீவிக்க ஏலாது."

ஒழுங்கைக் கோடியில் ரயில் ஒன்று போயிற்று. மாஸ்டர் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பின்கதவால் ஓடவேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு ஆசைப்பட்ட இடத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

மதலேனம்மா கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிப்போட்டனே," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் எங்கள் பொய்யைப் பற்றி யோசிக்கவேயில்லை. அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் நிற்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்று என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பெயின்ற் எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"பூ வாடுமட்டும் நிக்கும், அன்ரி. ஆனால் மடல் மூச்சுவிட ஏலாமல் வாடத்தான் பார்க்கும்."

விரலால் ஒரு மடலைத் தொட்டார். பெருமையும் பாசமும் அந்த முகத்தில் மல்லுக்கட்டியதை நான் பார்த்தேன். பாசம் வென்றது.

"துடையுங்கோ. பாவம் அது. இப்பவே துடையுங்கோ."

தேங்காயெண்ணெயும் பழந்துணியும் வந்தன. மூன்று பூ, எனக்கொன்று, பிலோமினாவுக்கொன்று, அல்போன்ஸுக்கொன்று. அல்போன்ஸ் மெதுவாக, "துறைமுகத்திலை நாங்கள் கப்பலுக்கு மட்டும்தான் பெயின்ற் அடிக்கிறனாங்கள்," என்றான். பிலோமினா சிரித்தாள். நான் என் துணியையும் அவளிடமே கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். கலர்க்காரி எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

திரும்பி வந்தபோது மதலேனம்மா பிலோமினாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச வா, பிள்ளை. நிமிந்து நில்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையை உயத்து."

பிலோமினா கையை உயர்த்தினாள். விரல் நுனி கதவு நிலைக்கு மேலே சுவரில் பட்டது.

"அல்போன்ஸ், என்ர தொங்குசாடிக் கொக்கி எட்டுமடா," என்றார் மதலேனம்மா. "தண்ணி ஊத்தப் போய் ரெண்டு தரம் ஸ்டூலாலை விழுந்திட்டன். இனி அந்தக் கவலை இல்லை."

சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்தபோது மதலேனம்மா தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் பூசவேண்டி வந்தால், அதைப் பூக்கிற பூவுக்கெல்லாம் பூச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நானும் முதலாளியும் ஒரு கிழமை மண்டையை உடைத்தும் எங்களுக்கு வராத கேள்வி அது. அவளுக்கு நின்ற நிலையில் வந்தது.

கலியாணப் படம் எங்கள் ஸ்டூடியோவிலேயே எடுத்தார்கள். முதலாளி அந்தச் சாடியையே பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார், கழுத்துக் கடித்த கோபமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். படத்தில் பிலோமினா நின்றாள், அல்போன்ஸ் கதிரையில் இருந்தான், நடுவில் அந்தூரியம். கலர் போட நான் உட்கார்ந்த அன்று மதலேனம்மா தனியாக வந்தார். கதவைச் சாத்தினார்.

"நீலம்," என்றார். "சாடியைப் பின் விறாந்தையிலை வைச்சிருக்கிறன். நாவூறு கண்ணூறு படும் எண்டு சொல்லி ஒருத்தருக்கும் காட்டேல்லை. படத்தையாவது காட்டவேணும்."

அடுத்த நாள் பிலோமினா வந்தாள். "அக்கா, சிவப்பு. இனி ஒரு நாளும் நீலம் வேண்டாம்."

முதலாளியிடம் கேட்டேன். கழுத்தைத் தடவிக்கொண்டு, "ரெண்டு கொப்பி போடுங்க புள்ள," என்றார். நீலம் கொட்டாஞ்சேனைக்குப் போயிற்று. சிவப்பு மாஸ்டர் வீட்டுக்கு வந்தது.

பல வருடம் கழித்து, ஸ்டூடியோவில் முதலாளியின் மகன் இருந்த காலம், பாவாடை சட்டையில் ஒரு நெட்டைப் பெண் உள்ளே வந்தாள். உயரத்தைப் பார்த்ததுமே யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிட்டது. இரண்டு படத்தையும் என் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அப்பம்மா வீட்டுச் சுவரிலை இருந்தது. இது அம்மப்பா வீட்டுச் சுவரிலை இருந்தது. அப்பம்மா சாகுமட்டும் நீலம் எண்டுதான் சொன்னவ. அம்மாட்டைக் கேட்டால் சிரிக்கிறா, அப்பா எழும்பிப் போறார். கலர் போட்டது நீங்கள்தானாம். எது உண்மை, அன்ரி?"

படங்களைப் பார்த்தேன். இரண்டிலும் வேலை சுத்தமாக இருந்தது.

"ரெண்டும் உண்மை, பிள்ளை," என்றேன். "சிவப்பை நாளாந்தம் கண்டனான். நீலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை உன்ர அம்மப்பா வீட்டிலை கண்டனான். உன்ர அம்மாவும் அப்பாவும் பக்கத்திலை நிண்டவை. வேணுமெண்டால் கேட்டுப் பார், அதைத் துடைச்சதே அவையள்தான்."